உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்!

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே சமாச்சாரத்தைச் சுற்றித்தான்: விசேஷ உடைக்குள் போடும் ஷேப்வேர், அதாவது உடம்பை இறுக்கிப் பிடித்து வடிவாகக் காட்டும் உள்ளாடை. கேட்கக் கூச்சப்பட்டு, பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லாமலே பேசிவிடுவோம்.

கேள்வி: அடுத்த மாதம் தோழியின் திருமண வரவேற்புக்குத் தரை வரை நீளும் சாட்டின் கவுன் எடுத்திருக்கிறேன். கவுன் அழகுதான், ஆனால் அடிவயிறும் உள்ளாடைக் கோடும் அப்படியே தெரிகின்றன. ஷேப்வேர் போட்டுப் பழக்கமே இல்லை. கடையில் கேட்டால், "உங்க சைஸுக்கு ஒரு சைஸ் குறைச்சு எடுங்க, அப்பதான் பிடிக்கும்" என்கிறார்கள். உண்மையா? ஐந்து மணி நேரம் அதற்குள் இருக்க முடியுமா?

பதில்: அந்த யோசனையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டிய இழுவை துணியிலேயே இருக்கிறது. அட்டையில் 'மீடியம்' என்று போட்டிருந்தால் அந்த இறுக்கம் மீடியம் உடம்புக்குக் கணக்குப் போட்டு வைத்ததுதான். அதிலும் ஒரு சைஸ் குறைத்தால் சதை மறையாது, இடம்தான் மாறும். வயிற்றில் அமுங்கியது ப்ரா பட்டைக்குக் கீழே ஒரு மடிப்பாகவும், தொடை விளிம்பில் ஒரு வளையமாகவும் எட்டிப் பார்க்கும், சாட்டின் மேல் அது உள்ளாடைக் கோட்டைவிடப் பளிச்சென்று தெரியும்.

நானும் ஒரு தடவை அப்படி வாங்கி மாட்டிக்கொண்டவள்தான். அலுவலக விழா ஒன்றுக்கு. ஏற்றிப் போடவே கால் மணி நேரம் ஆனது, கண்ணாடி முன் நின்றபோது பிரமாதமாக இருந்தது, காரில் ஏறி உட்கார்ந்ததும் மேல் விளிம்பு சுருள ஆரம்பித்தது. மண்டபம் போய்ச் சேர்வதற்குள் அது பென்சில் தடிமனுக்கு ஒரு கயிறாகி விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் மேல்மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு சிரித்துக் கொண்டிருந்தேன். கழிப்பறைக்குப் போய்க் கழற்றிக் கைப்பையில் திணித்த பிறகுதான் மேடையில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதே காதில் விழுந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் கவுனைப் பாருங்கள், உடம்பை அப்புறம் பார்க்கலாம். சாட்டின் மெலிசு, பளபளப்பு வேறு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தையலையும் வெளியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உங்களுக்கு இறுக்கத்தைவிட விளிம்புதான் முக்கியம். மடித்துத் தைத்த விளிம்பும் லேஸ் வைத்த விளிம்பும் வேண்டாம், துணியை வெட்டி அப்படியே விட்டது போலத் தட்டையாக இருப்பதை எடுங்கள். இடுப்பு வரை மட்டும் வருவதை எடுத்தால் இடுப்பில் ஒரு கோடு விழும், ஆகவே மார்புக்குக் கீழ் வரை ஏறி, தொடையின் பாதிக்கும் கீழே இறங்குகிற ஹை வெயிஸ்ட் ஷார்ட்ஸ் உங்களுக்குச் சரியாக இருக்கும். கவுனில் பக்கவாட்டு ஸ்லிட் இருந்தால் மட்டும் கால் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது ஷார்ட்ஸ் விளிம்பு தலைகாட்டினால் அவ்வளவு பாடும் வீண். நிறம் உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வெளிர் நிற உடைக்குள் வெள்ளை போட்டால் அது தனியாகத் தெரியும்.

இதுவே இடுப்புக்குக் கீழே விரிந்து போகிற ஏ-லைன் கவுனாக இருந்திருந்தால் வயிற்றை அமுக்குவதற்கே வேலை இல்லை, தொடை உரசாமல் இருக்க மெல்லிய ஷார்ட்ஸ் ஒன்று போதும் என்று சொல்லியிருப்பேன். நல்ல கனமான லைனிங் கொடுத்துத் தைத்த கவுனுக்கும் அப்படித்தான். ஆகவே கடைக்குப் போகும்போது கவுனையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், டேப்புக்குப் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகிறது! இடுப்பின் ஒடுங்கிய இடம், பின்புறத்தின் அகன்ற இடம், தொடையின் மேல் சுற்றளவு, இந்த மூன்றும் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள், விழாவில் நீங்கள் அந்த வயிற்றோடுதான் இருக்கப் போகிறீர்கள். தோளிலிருந்து முழுதாக வரும் பாடிசூட் என்றால் இன்னொரு அளவு: தோளில் டேப்பை வைத்து முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டு வாருங்கள். இதை யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் வாங்கினால் நாள் முழுக்கத் தோளும் அடியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுங்கள்.

இறுக்கம் பொதுவாக லேசு, நடுத்தரம், பலமானது என்று மூன்று தரத்தில் வருகிறது. முதல் தடவை என்பதால் பலமானதன் பக்கம் போகவே வேண்டாம்.

ட்ரையல் அறையில் எல்லோரும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் உட்காருங்கள். குனிந்து செருப்பு வாரைப் போடுவது போலச் செய்யுங்கள். வயிறு நிறைய மூச்சை இழுத்து விடுங்கள், மூச்சு பாதியில் நின்றால் அது உங்களுக்கான சைஸ் இல்லை. வாங்கி வந்த பிறகு வீட்டில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வழக்கமான வேலைகளைப் பாருங்கள், நடுவில் கழிப்பறைக்கும் போய் வாருங்கள். அங்கே ஐந்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், கீழே திறப்போ கொக்கியோ உள்ளதாக மாற்றுங்கள். கழற்றச் சிரமம் என்று தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருந்துவிட்டு, அப்புறம் சிறுநீர்த் தொற்றோடு டாக்டரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. கவுனை ஆல்டர் செய்யக் கொடுப்பதாக இருந்தால் ஷேப்வேரைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள்.

இப்படிப் பார்த்து எடுத்தால் ஐந்து மணி நேரம் தாராளமாக இருக்கலாம். போட்டதையே மறந்துவிடுவீர்கள் என்று விளம்பரம் போலச் சொல்ல மாட்டேன். கழற்றும்போது ஒரு 'அப்பாடா' வரும், அவ்வளவுதான்.

கேள்வி: என் சைஸ் சரிதான், டேப் வைத்து அளந்துதான் வாங்கினேன். ஆனாலும் தொடைப் பக்கம் மேலே சுருள்கிறது, இடுப்பு கீழே இறங்குகிறது. என்ன செய்ய?

பதில்: இந்தச் சண்டை பழையது. 2000-ல் ஸ்பான்க்ஸ் என்ற ஷேப்வேர் நிறுவனத்தைத் தொடங்கிய சாரா பிளேக்லி, அதற்கு முன் ஒரு பேன்ட்டுக்குள் போடுவதற்காகத் தன் காலுறையின் பாதப் பகுதியைக் கத்தரித்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். பேன்ட் அழகாக உட்கார்ந்தது, ஆனால் வெட்டிய விளிம்பு காலில் மேலே மேலே சுருண்டுகொண்டே இருந்ததாம். தொழில் பிறந்ததே அந்தச் சுருளில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு மடங்கும் இடத்தில் விளிம்பு முடிந்தால் சுருளத்தான் செய்யும். இடுப்பு மடிப்பிலேயே முடிவதை விட்டு, ப்ரா பட்டை வரை ஏறுவதாகப் பாருங்கள். விளிம்பின் உள்பக்கம் சிலிக்கான் பட்டை இருந்தால் நழுவாது, ஆனால் சிலருக்கு அந்த இடம் சிவந்து அரிக்கும், முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது. போடுவதற்கு முன் லோஷன், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். நீங்கள் உயரமானவரா என்று எழுதவில்லை. உடம்பின் நீளம் அதிகமாக இருந்தால் சுற்றளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது கீழே இழுக்கும், அப்போது தோள் பட்டை உள்ளதற்கு மாறுவதுதான் வழி.

இன்னொன்று, போடும் விதம். பேன்ட் போல நின்றபடி இடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் பகுதியை வெளிப்பக்கமாகப் பாதி மடித்துவிட்டு, உட்கார்ந்து இரண்டு கால்களையும் நுழைத்து, தொடையை முதலில் சரி செய்துவிட்டு, அப்புறம் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே பிரித்துக்கொண்டு வாருங்கள். நகத்தால் கிள்ளி இழுத்தால் இழை போய்விடும், உள்ளங்கையால் தள்ளுங்கள்.

கேள்வி: தினமும் போட்டால் தொப்பை குறையுமா?

பதில்: குறையாது. கழற்றியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். வியர்த்துக் கொட்டுவதைக் கொழுப்பு கரைவதாக விற்கிறார்கள், அது தண்ணீர்.

கேள்வி: போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஏழு மணி நேரம் பலமான ஷேப்வேர் போட்டிருந்தேன். வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போய், எறும்பு ஊர்வது போல இருந்தது. நெஞ்செரிச்சலும் வந்தது. பயப்பட வேண்டுமா?

பதில்: தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஒன்று இடுப்பின் முன்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை ஒட்டி இறங்குகிறது. அந்த இடத்தில் இறுக்கமான பட்டை அழுத்தினால் நீங்கள் சொல்வது போலவே மரமரப்பும் ஊர்வதும் எரிச்சலும் வரும். மருத்துவத்தில் இதற்கு மெரால்ஜியா பரஸ்தெடிகா என்று பெயர், இறுக்கமான பெல்ட் கட்டுபவர்களுக்கும் வருவதுதான். அழுத்தம் போனால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நெஞ்செரிச்சலுக்கும் காரணம் அதே இறுக்கம்தான், வயிற்றை வெளியிலிருந்து நெருக்கினால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறும்.

ஒரு வாரம் ஆகியும் மரமரப்பு இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். போய்விட்டது என்றால் அந்த ஷேப்வேரை மறுபடி தொடாதீர்கள். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் தொல்லை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் வயிற்றை இறுக்கும் எதையும் போட வேண்டாம்.

கேள்வி: நான் ஆண். சிரிக்காமல் பதில் சொல்லவும். கோட் சூட்டுக்குள் போட எனக்கும் ஏதாவது உண்டா?

பதில்: சிரிக்கவில்லை ஐயா. உண்டு, கையில்லாத பனியன் வடிவிலேயே கிடைக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் சோதனை உங்களுக்கும்தான். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி விழுவதுதான் பிரச்சினை என்றால், முதலில் சட்டையை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தேவை அதுதான்.

கேள்வி: எனக்கு 61 வயது. மகள் திருமணத்துக்கு நீண்ட கவுன் போடச் சொல்லி, கூடவே ஷேப்வேரும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். போட்டால் புழுங்குகிறது. போடாவிட்டால் அவள் மனம் நோகும். என்ன செய்வது?

பதில்: அம்மா, அன்று முழுக்க நின்று கை குலுக்கப் போவது நீங்கள். மகளிடம் "போட்டுப் பார்த்தேன்டி, மூச்சு முட்டுது" என்று நேராகச் சொல்லுங்கள். கவுன் வழுவழுவென்று இறங்கி நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை என்றால், அதற்கு இறுக்கமே இல்லாத ஒரு நல்ல ஸ்லிப் (கவுனுக்குள் போடும் மெல்லிய உள்ளுடை) போதும், உடை ஒட்டாமல் விழும். தொடை உரசல் இருந்தால் கூடவே மெல்லிய ஷார்ட்ஸ், அடிப்பகுதியில் பருத்தித் துணி வைத்ததாக. போட்டோ எடுக்கும் அரை மணி நேரம் மட்டும் அவள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு அப்புறம் மாற்றிக்கொள்வதும் ஒரு ராஜதந்திரம்தான், ஆனால் விழாவின் நடுவே கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாற்றுகிற பாடு இருக்கிறதே, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: இரண்டே தடவைதான் போட்டேன். வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு போட்டு ட்ரையரிலும் சுற்றிவிட்டேன். தொளதொளவென்று ஆகிவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: முடியாது. அதன் பிடிப்பு முழுக்க ஸ்பான்டெக்ஸ் இழையில் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரி உள்ளாடைகளில் ரப்பர்தான், அதற்கு மாற்றாக 1958-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை இது. எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வரும், ஆனால் சூடும் குளோரின் பிளீச்சும் ஆகாது. அடுத்ததைக் குளிர்ந்த நீரில், லேசான சோப்பில் கையால் அலசுங்கள். துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் கிடத்திக் காய வையுங்கள்.

இதைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், தலைமுடி போல வெள்ளை இழைகள் அங்கங்கே அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி இல்லை, வெறும் தளர்ச்சிதான் என்றால், தொடை உரசாமல் இருக்க வீட்டில் போட்டுக்கொள்ளலாம், அதற்கு இந்தத் தொளதொளப்புதான் வசதி.