கடை வாசலில் விளம்பரப் பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்காக இரும்புச் சட்டத்தில் ஃபிளெக்ஸ் ஒட்டிய ஸ்டாண்ட் போர்டு ஒன்றைக் காலையில் வாசலில் நிறுத்தி, இரவில் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன். இதுவும் ஆக்கிரமிப்புதான் என்கிறார்கள். தரையில் ஓர் ஆணிகூட அடிக்காத பலகை எப்படி ஆக்கிரமிப்பு ஆகும், ஐயா?
– ஜவுளிக் கடைக்காரர், கடலூர்.

பதில்: பொது இடத்தைப் பிடித்துக்கொண்டாலே ஆக்கிரமிப்புதான்; தரையைத் தோண்டியிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பத்திரத்தில் உள்ள எல்லை எங்கே முடிகிறதோ அங்கே உங்கள் உரிமையும் முடிந்துவிடுகிறது. கடைவீதிகளில் அது பெரும்பாலும் ஷட்டர் இறங்கும் கோடுதான். அதற்கு முன்னால் இருக்கும் படிகளே பல கடைகளில் வாய்க்கால் மூடியின் மேல்தான் நிற்கின்றன என்பது வேறு கதை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், போக்கிடம் இல்லாதவர்களின் வாழ்வாதார உரிமையை அவ்வளவு பரிவோடு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அதே தீர்ப்பில், நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கான பொதுச் சொத்து என்றும், அதைச் சொந்தப் பயனுக்கு எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. வீடில்லாதவருக்கே கிடைக்காத உரிமை தள்ளுபடிப் பலகைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மாநகராட்சியின் நடவடிக்கை ஒருபுறம் இருக்க, பொது வழியில் இடையூறு செய்வது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவில் இதற்கு 200 ரூபாய் வரைதான் அபராதம் விதிக்க முடியும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் அது 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது.

மாலை நேரத்தில் உங்கள் பலகையின் அருகில் சற்று நின்று பாருங்கள். முன்கால் உங்கள் படியை ஒட்டி இருக்கும். அகன்று நிற்கும் பின்கால் நடைபாதையின் பாதியைப் பிடித்திருக்கும். பையும் குழந்தையுமாக வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். பார்வையற்றவரின் நிலை இன்னும் மோசம்: அவருடைய கைத்தடி இரண்டு கால்களுக்கும் இடையில் தடையின்றிப் புகுந்துவிடும், மேலே இருக்கும் இரும்புச் சட்டம்தான் முதலில் அவர் நெஞ்சில் இடிக்கும். பொது இடங்கள் இவர்களுக்கும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வலியுறுத்துகிறது. பலகையைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துவிடுங்கள், அல்லது உங்கள் சொந்தச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்டிவிடுங்கள். சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையாக இருந்தால் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுவதே நல்லது.

கேள்வி: என் கடை வாசலில் தள்ளுவண்டியில் பழம் விற்பவருக்கு அடையாள அட்டையே கொடுத்திருக்கிறார்கள். வரி கட்டும் எனக்கு மட்டும் தடையா?
– மளிகைக் கடைக்காரர், மஞ்சக்குப்பம்.

பதில்: நியாயமான ஆதங்கம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014 நிலையான கடை இல்லாதவர்களுக்காக வந்தது. அவருக்கும் நகர விற்பனைக் குழுவின் வழியாகச் சான்றிதழும், அதில் குறித்த இடமும்தான் உண்டு. அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அவர் மீதும் நடவடிக்கை வரும். கடை இருப்பவர் வாசலை நீட்டிக்கொள்ள அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வாசலில் வண்டி நிறுத்த அனுமதிப்பதாகச் சொல்லி மாதாமாதம் வாடகை வாங்கும் கடைக்காரர்கள், தங்களுக்குச் சொந்தமில்லாத சாலையை வாடகைக்கு விடுகிறார்கள்.

கேள்வி: புதுச்சேரி நேரு வீதியில் மைத்துனர் புதிய கிளை திறக்கிறார். வீதி முனையில் திறப்பு விழா பேனர் வைக்கத் தமிழக விதிகளே போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்.

பதில்: போதாது. புதுச்சேரிக்குத் திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நேரு வீதி புதுச்சேரி நகராட்சிக்கு உட்பட்டது. அதே கிளை லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ இருந்திருந்தால் உழவர்கரை நகராட்சியை அணுக வேண்டியிருக்கும். கடலூரில் வாங்கிய அனுமதி எண்ணை அச்சிட்ட பேனரை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

அனுமதியே கிடைத்தாலும் வீதி முனை வேண்டாம் என்பேன். திரும்பும் வண்டிக்கு எதிரே வருபவரை மறைக்கும் இடம் அதுதான். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்து விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் வந்த இளம் பொறியாளர் நிலைதடுமாறி, லாரி ஏறி இறந்துபோனார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நம் கடற்கரையிலோ, 2011 டிசம்பரில் தானே புயல் என்ன செய்தது என்பதை ஒருவரும் மறந்திருக்க முடியாது. புயல்தான் வர வேண்டும் என்றும் இல்லை. ஐப்பசி மழையில் மண் இளகிவிட்டால், அரை அடிக் குழியில் நட்ட சவுக்குக் கம்பு சாதாரணக் காற்றுக்கே பிடி விட்டுவிடும். துளையில்லாத ஃபிளெக்ஸ் பாய்மரம் போலக் காற்றை முழுதாக வாங்கிக்கொள்கிறது. கம்பு நட்டவர் யாராக இருந்தாலும், வழக்கு என்று வந்தால் பேனரில் பெயர் உள்ள உங்கள் மைத்துனரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

கேள்வி: இரவில் எரியும் எல்இடி போர்டைச் சொந்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
– உணவக உரிமையாளர், நெல்லிக்குப்பம்.

பதில்: உங்கள் கடை மீட்டரிலிருந்தே இணைப்பு எடுங்கள், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து எடுப்பது மின்திருட்டு. வயர் நடைபாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள். இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்பதை மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.