தண்ணி மாதிரி இருக்கிற ஆயில் இன்ஜினைக் காப்பாற்றுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெட்ரோல் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. கார் புத்தகத்தில் 0டபிள்யூ-16 ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் அண்ணன் 'இது தண்ணி மாதிரி இருக்கு சார், நம்ம வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்திருவோம்' என்கிறார். நம் ஊரில் பனியே கிடையாதே, பின் எதற்கு இந்த 0டபிள்யூ? சிந்தெட்டிக் என்பது நிஜமாகவே வேறு சரக்கா? வீட்டில் இருக்கும் 2010 மாடல் காருக்கும் இதையே ஊற்றலாமா?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். புதிய காருக்குப் புத்தகத்தில் இருப்பதையே ஊற்றுங்கள். பழைய காருக்கு இதை ஊற்ற வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் மெக்கானிக் அண்ணனுடைய பயம் அர்த்தமில்லாதது அல்ல, அவர் பார்த்து வளர்ந்த இன்ஜின்களுக்கு அது சரியான பயம்தான்.

பேரில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. முதலில் இந்தத் தண்ணி விஷயம். 40 டிகிரியில், அதாவது மதுரை மே மாத மத்தியானச் சூட்டில், ஒரு 0டபிள்யூ-16 ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 35 முதல் 40 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) வரை இருக்கும். அதே சூட்டில் தண்ணீர் 1-க்கும் கீழே. பார்க்கத் தண்ணீர் போல ஓடினாலும் ஐம்பது மடங்குக்கு மேல் கெட்டி. 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் 150-ஐத் தாண்டிவிடும். நமக்குத்தான் 40 டிகிரி வெயில். 90, 100 டிகிரியில் ஓடுவதற்காகச் செய்த இன்ஜினுக்கு அது குளிர்காலைதான். காலையில் சாவி போட்டு முதல் ஐந்தாறு கிலோமீட்டர் இன்ஜின் அந்தக் கெட்டி ஆயிலைக் கிண்டிக்கொண்டே பெட்ரோலை எரிக்கிறது. பள்ளிக்கூடம், கடை, ஆபீஸ் என்று சின்னச் சின்னப் பயணம் போகிறவர்களுக்கு மெல்லிய ஆயிலின் லாபம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. சில சதவீதம்தான், பிரமாதமாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வருஷம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வைத்தால் 800 லிட்டர் பெட்ரோல். அதில் இரண்டு சதவீதம் 16 லிட்டர்.

சரி, சூடான பிறகு தாங்குமா? இதற்குத்தான் எச்டிஎச்எஸ் என்று ஒரு சோதனை இருக்கிறது. 150 டிகிரியில், பேரிங்கிலும் பிஸ்டன் ரிங்கிலும் ஆயில் நசுங்குவது போலவே நொடிக்குப் பத்து லட்சம் என்ற வெட்டு வேகத்தில் (ஆயில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) நசுக்கி அளப்பார்கள். 16 கிரேடுக்குக் குறைந்தது 2.3 சென்டிபாய்ஸ் (இதுவும் பாகுநிலை அலகுதான்) இருக்க வேண்டும், 20-க்கு 2.6, 50-க்கு 3.7. உங்கள் இன்ஜினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் திருப்பும் அமைப்பு எல்லாமே அந்த 2.3-ஐ மனதில் வைத்துச் செய்தவை. குறுகிய இடைவெளியில் கெட்டி ஆயிலை ஊற்றினால் அது போக வேண்டிய அளவுக்குப் போகாது, பேரிங் சூட்டை எடுத்துப் போகவும் ஆயில் பற்றாது. 2010 கார் இதற்கு நேர் எதிர். அதன் இடைவெளிகள் கெட்டியான ஆயிலுக்காக வைத்தவை. அதில் 16 ஊற்றினால் படலம் போதாமல் உலோகம் உலோகத்தோடு உரசும்.

இப்போது சிந்தெட்டிக் கேள்வி. ஆயில் கலவை செய்வதே என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆயிலை மெல்லியதாக்குவது சுலபம். சின்ன மூலக்கூறுகளைப் போட்டால் போதும். ஆனால் சின்ன மூலக்கூறு சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும், ஆயில் அளவு குறையும், மிச்சம் இருப்பது கெட்டியாகும். நோவாக் சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு காணாமல் போனது என்று பார்ப்பார்கள். கார் கம்பெனிகளின் கூட்டுக் குழுவான ஐஎல்எஸ்ஏசி வகுத்த ஜிஎஃப்-6 தரத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு பக்கம், 0டபிள்யூ என்று பேர் வாங்க வேண்டுமானால் மைனஸ் 35 டிகிரியில் 6,200 சென்டிபாய்ஸுக்குள் நிற்க வேண்டும். ஒரு சோதனை 'மெல்லிசாக்கு' என்கிறது, இன்னொன்று 'கனமாக்கு' என்கிறது. ஒருமுறை 0டபிள்யூ-20-க்கு ஒரு கலவை செய்தபோது குளிர்ச் சோதனை தேறாமல் போக, லேசான அடிப்படை எண்ணெயை (ஆயிலின் பெரும்பகுதியான மூல எண்ணெய்) கொஞ்சம் கூட்டினேன். குளிர்ச் சோதனை பாஸ், நோவாக் எல்லையைத் தாண்டிவிட்டது. மூன்று வாரம் இரண்டுக்கும் நடுவே ஊசலாடி, கடைசியில் விகிதத்தை மாற்றுவதை விட்டுவிட்டு அடிப்படை எண்ணெயையே மாற்றினேன்.

மூலக்கூறின் எடையை வைத்து மட்டும் இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது, வடிவத்தைத் தொட வேண்டும். ஈர்க்குச்சிகளைக் கட்டிப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக்கொள்ளும். நேரான சங்கிலி ஹைட்ரோகார்பன் அப்படித்தான், அது மெழுகு, குளிரில் உறைந்துவிடும். முருங்கைக் கிளைகளைக் கட்டினால் அடுக்கவே அடுக்காது. ஆகவே கிளை வேண்டும். ஆனால் குட்டிக் குட்டிக் கிளைகள் அதிகமானால் சூடு ஏற ஏறப் பாகுநிலை சரசரவென்று விழும், அதாவது விஸ்காசிட்டி இண்டெக்ஸ் குறையும். கிளைகள் குறைவாக, ஆனால் ஒவ்வொன்றும் நீளமாக இருந்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

பிஏஓ எனப்படும் பாலி ஆல்ஃபா ஒலிஃபின் அப்படிக் கட்டியதுதான். எத்திலீனிலிருந்து வரும் பத்து கார்பன் கொண்ட 1-டெசீனை எடுத்து, போரான் ட்ரைஃப்ளூரைடு வினையூக்கியில் இரண்டு, மூன்று, நான்கு என்று கோத்து, பிறகு ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். இரண்டு கோத்தது ஆவியாகும் என்பதால் காய்ச்சி வடித்துப் பிரித்துவிட்டு, மூன்று கோத்ததை அதிகமாக வைத்தால் பிஏஓ 4 கிடைக்கும்: 100 டிகிரியில் 4 சென்டிஸ்டோக், மைனஸ் 60-க்கும் கீழே ஓடும், மெழுகு என்ற பேச்சே இல்லை. குறை என்னவென்றால், அது அடிடிவ்களை, அதாவது ஆயிலில் கலக்கும் துணைச் சரக்குகளை, சரியாகக் கரைக்காது, ரப்பர் சீலைச் சுருக்கவும் பார்க்கும். அதனால் எஸ்டர் என்ற இன்னொரு வகைச் செயற்கை எண்ணெயைக் கொஞ்சம் சேர்ப்போம். எஸ்டர் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், சீலை உப்ப வைக்கும். அளவு மிஞ்சினால் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக அடிடிவோடு அதே உலோகப் பரப்புக்காகப் போட்டி போடும். அதனால் எஸ்டர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் நீங்கள் கடையில் வாங்கும் பாட்டிலில் 'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்று இருந்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது குரூப் 3 என்ற வகை அடிப்படை எண்ணெய். கச்சா எண்ணெயிலிருந்து வந்ததுதான், ஹைட்ரஜன் அழுத்தத்தில் வளையங்களை உடைத்து, மெழுகைக் கிளை விட வைத்து, விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 120-க்கு மேல் கொண்டுவந்தது. 1999-ல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இரண்டுக்கும் நடந்த விளம்பரத் தகராறுக்குப் பிறகுதான் இதைச் சிந்தெட்டிக் என்று அழைப்பது அங்கே வழக்கமானது. ஏமாற்று வேலையா என்றால், இல்லை என்பது என் கருத்து. நல்ல குரூப் 3, 0டபிள்யூ-16 வரை தாராளமாகப் போகும். இயற்கை வாயுவிலிருந்து மெழுகு செய்து அதைக் கிளை விட வைக்கும் ஜிடிஎல் வகை, கத்தாரின் பேர்ல் ஆலையில் வருவது, இன்னும் ஒரு படி மேல். 0டபிள்யூ-8 என்று இறங்கும்போதுதான் குரூப் 3-க்கு மூச்சு வாங்கும், அங்கே பிஏஓவும் எஸ்டரும் இல்லாமல் நோவாக்கைப் பிடிப்பது கஷ்டம்.

கடையில் என்ன பார்ப்பது? பாட்டிலின் முன்பக்கப் பெரிய எழுத்தை விடுங்கள். பின்னால் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தரக்குறி எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய எஸ்க்யூ இருக்கிறதா என்று பாருங்கள். 16 கிரேடுக்கு ஜிஎஃப்-6பி அல்லது ஜிஎஃப்-7பி இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் கம்பெனி இணையதளத்தில் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டைத் திறந்து நோவாக் எண்ணைத் தேடுங்கள். ஒரே கிரேடு, ஒரே விலையில் இரண்டு இருந்தால் நோவாக் குறைந்ததை எடுங்கள். அந்த எண்ணையே போடாத கம்பெனியை நான் தவிர்த்துவிடுவேன்.

புத்தகத்தில் மாற்று கிரேடாக 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கொடுத்திருந்தால், கொடைக்கானல் மலை ஏற ஐந்து பேரும் சாமானுமாக அடிக்கடி போகிறீர்கள் என்றால் அதை ஊற்றலாம், தப்பில்லை. 20டபிள்யூ-50 அந்தப் பட்டியலில் இருக்காது. சின்னப் பயணம் மட்டும் போகும் காரில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி, ஏற்கெனவே மெல்லிய ஆயிலை இன்னும் மெல்லியதாக்கும், ஆகவே கிலோமீட்டர் ஓடவில்லையே என்று தள்ளிப்போடாமல் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் டாப் அப்புக்கும் அதே கிரேடுதான். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் வருஷம் முடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றுங்கள்.