தோற்ற பகடையை மறைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை மாலைகளில் நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடி, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதை சொல்லிக்கொண்டே ஆடும் ஆட்டம் இது. ஒரு செயல் பலிக்குமா என்பதை 20 பக்கப் பகடை முடிவு செய்யும். ஆட்டத்தை நடத்துபவன் நான், கதையைச் சொல்வதும் எதிரிகளுக்காக உருட்டுவதும் என் வேலை. கதை 17-ஆம் நூற்றாண்டுப் பழவேற்காட்டில் நடக்கிறது. ஒல்லாந்தர் கோட்டையின் கிடங்கிலிருந்து ஒரு பெட்டியைக் கடத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் கிடங்குப் பூட்டைத் திறக்க எங்கள் திருடன் பகடை உருட்டினான். இலக்கு 15, பகடையில் விழுந்த 3-உடன் அவனுடைய திறமைக்கான 5-ஐக் கூட்டியும் 8-தான் வந்தது. மற்றவர்களும் மாறி மாறி உருட்டித் தோற்றார்கள். அரை மணி நேரம் கதவடியிலேயே நின்றபின், காவலாளி சாவியை மறந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம் படகுச் சண்டையில் என் பெரியப்பா மகனின் பாத்திரம் உயிர்ப்புள்ளி 0 ஆகி விழுந்தது. பிழைப்பதற்கான உருட்டலில் ஏற்கெனவே இரண்டு தோல்வி. இன்னோர் அடி பட்டால் சாவு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான் உருட்டிய எதிரியின் பகடை 20 காட்டியது, அதாவது அடி நிச்சயம் பட்டுவிட்டது. 'குறி தவறிவிட்டது' என்று சொன்னேன். டீ எடுக்க எழுந்த நண்பன் பார்த்துவிட்டான். இப்போது அண்ணன், "அப்படியானால் நாலு மாதமாக நான் ஜெயித்ததெல்லாம் நீ போட்ட பிச்சையா?" என்று கேட்கிறார். எங்களில் சிறுகதை எழுதும் தோழி ஒருத்தி, கதைதான் முக்கியம், பகடை வெறும் கருவி, காப்பாற்றியதில் தவறில்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நங்கநல்லூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு தோல்விகள் இருக்கின்றன. நீங்கள் இரண்டாவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும் பூட்டிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே செய்த பிழைதான் ஒரு வாரம் கழித்துப் படகிலும் உங்களைப் பிடித்துக்கொண்டது.

திருடன் 5 கூட்டிக்கொண்டு 15-ஐ எட்ட வேண்டுமானால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 பக்கங்களில் 11 பக்கம் அவனுக்குச் சாதகம், 9 பக்கம் பாதகம். நூற்றுக்கு 45 முறை தோற்கக்கூடிய ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, தோற்றால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் எதையுமே யோசித்து வைத்திருக்கவில்லை. அரிதாக நேரும் துரதிர்ஷ்டம் என்று அதைச் சொல்ல முடியாது. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வரக்கூடிய விளைவு அது. மேலும், அடுத்தடுத்து எல்லோரும் உருட்டலாம் என்று அனுமதித்த கணமே அந்த உருட்டல் பொருளிழந்துவிட்டது, ஏனென்றால் யாராவது ஒருவருக்கு எப்போதாவது விழத்தான் போகிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கையேடே இதற்கு வழி சொல்கிறது: நேரம் செலவாவதைத் தவிர வேறு இழப்பு இல்லாத வேலையென்றால், வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு அதை முடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம், உருட்டவே தேவையில்லை. அந்தப் பத்து மடங்கு நேரத்துக்குள் ரோந்து வந்துவிடுமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

என் சிறுவயதில் திண்ணையில் தாயம் ஆடுவோம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால், சில நாட்களில் மற்றவர்களின் காய்கள் பாதி வழி போன பிறகும் நான் வெறும் கட்டையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் தோல்விதான், ஆனால் அதில் எதுவுமே நடப்பதில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடும் பரமபதத்தில் பாம்பு கடித்தால் அப்படியில்லை. எங்கோ மேலே இருந்தவர் சரேலென்று கீழே வேறொரு கட்டத்துக்கு வந்துவிடுவார், சுற்றியிருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள், தூக்கம் கலைந்துவிடும். உங்கள் கிடங்குக் கதவு தாயம் விழாத காயாக இருந்தது. அங்கே ஒரு பாம்பு இருந்திருக்க வேண்டும்: பூட்டு ஊசி உடைந்து சத்தம் கேட்டிருக்கலாம், கதவு திறந்து உள்ளே ஏற்கெனவே ஒருவன் நின்றிருக்கலாம், அல்லது பூட்டு இனி எந்த ஊசிக்கும் திறக்காது, கூரை வழியாகத்தான் போக வேண்டும் என்றாகியிருக்கலாம்.

உங்களுக்கு வந்த சிக்கல் பலருக்கும் வந்திருக்கிறது என்பதற்கு, பின்னால் வந்த ஆட்டங்களே சாட்சி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முதல் பதிப்பு போர்விளையாட்டிலிருந்து பிறந்தது. அம்பு பட்டதா படவில்லையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் போதுமானவை, ஏனென்றால் அம்பு தவறினாலும் எதிரி அடுத்து அடிப்பான், சண்டை நகரும். பூட்டு திருப்பி அடிக்காது. துப்பறியும் கதைகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஒரு தடயம் கண்ணில் படாமல் போனால் கதையே அங்கே முடிந்துவிடும். ராபின் டி. லாஸ் உருவாக்கி 2007-இல் வந்த 'கம்ஷூ' என்ற துப்பறியும் ஆட்டங்களுக்கான விதிமுறை இதைத் துணிந்து வெட்டியது: உரிய திறமை உள்ள பாத்திரம் தேட வேண்டிய இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடை கிடையாது. 2010-இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' வேறு திசையில் போனது. அதில் இரண்டு ஆறு பக்கப் பகடைகள். 10-க்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும் ஆனால் விலை கொடுக்க வேண்டும், 6-க்குக் கீழே போனால் நடத்துநர் நிலைமையை மோசமாக்குவார். 10-உம் 6-உம் அந்தந்தப் பக்கத்தில் சேர்த்தி. எதையும் கூட்டாமல் உருட்டினால் 36 விதங்களில் 15 விதம் தோல்வி, 15 விதம் விலையோடு வெற்றி, 6 விதம்தான் முழு வெற்றி.

இந்த இடைப்பட்ட பகுதியைப் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விலையைக் கற்பிக்க வேண்டிய பாரம் நடத்துபவர் தலையில் விழுகிறது. ஆட்டம் மூன்றாம் மணி நேரத்தைத் தொடும்போது மூளை களைத்து, எதற்கெடுத்தாலும் 'காவலர்கள் ஓடி வருகிறார்கள்' என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். எந்தத் தோல்வியும் நம்மை முன்னே தள்ளிவிடும் என்பது ஆடுபவர்களுக்குப் பழகிவிட்டால், கையில் பகடையை எடுக்கும்போது வரும் அந்தச் சிறு நடுக்கமும் போய்விடும். சில கதவுகள் திறக்காமலே இருக்கட்டும். வேறு வழி ஒன்றாவது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது படகுக்கு வருவோம். உங்கள் தோழியின் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. தெருக்கூத்தில் அபிமன்யு சாவான் என்பது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்கே தெரியும். அங்கே யாரும் பகடை உருட்டுவதில்லை, உருட்டத் தேவையும் இல்லை. முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று விரும்பினால் நீங்களும் உருட்டாமலே சொல்லியிருக்கலாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் பகடையைக் கையில் எடுப்பது, 'இதன் முடிவு எனக்கும் தெரியாது' என்று ஐந்து பேருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் உங்கள் அண்ணன் நான்கு மாதமாக மகிழ்ந்தும் பதறியும் இருக்கிறார். நீங்கள் மாற்றியது ஒரே ஓர் உருட்டலாகவே இருக்கலாம். அவரால் அதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடியாது, முன்பு நடந்த ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துச் சந்தேகப்படத்தான் செய்வார். தடுப்புக்குப் பின்னால் உருட்டினால் எண்ணை மாற்றிக்கொள்ள முடியும் என்று அதே கையேடு சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் மாடியில் அதற்கு யாரும் சம்மதிக்கவில்லை.

அதற்காக அண்ணன் பக்கமும் முழுமையாகச் சாய மாட்டேன். 'தோற்றால் தோற்றதுதான்' என்பதில் நியாயம் இருந்தாலும், தோல்வி என்றால் சாவு என்று எந்தப் பகடையும் சொல்வதில்லை. நடந்ததைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அந்த ஒல்லாந்தச் சிப்பாய், நினைவிழந்து படகின் அடியில் கிடப்பவனை வெட்டத் தீர்மானித்தான். அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் நீங்கள், பகடை எடுக்கவில்லை. வாளோடு எதிரே நிற்கும் மற்றவரை நோக்கி அவன் திரும்பியிருக்கலாம். பெட்டியை யார் அனுப்பச் சொன்னார்கள் என்று விசாரிக்க உயிரோடு ஒருவன் தேவை என்று கட்டி இழுத்துப் போயிருக்கலாம். எதுவும் செய்யாமல் படகிலிருந்து குதித்துத் தப்பியிருக்கலாம். இரக்கம் காட்டுவதற்கு உங்களுக்கு வேண்டிய இடம் முழுவதும் உருட்டுவதற்கு முன்னால் இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் சாவைப் பந்தயமாக வைத்து உருட்டிவிட்டு, 20-ஐப் பார்த்த பிறகு இரங்கினீர்கள். கதவடியிலும் இதே கதைதான்: உருட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியதை உருட்டிய பின் யோசித்தீர்கள், சாவி மறந்த காவலாளி வந்து சேர்ந்தார்.

ஆகவே வரும் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கும் முன், எல்லோர் முன்னிலையிலும் அண்ணனிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். 'அண்ணா, 20 விழுந்தது, மறைத்துவிட்டேன்' என்றால் போதும். பிறகு அந்த 20-ஐ என்ன செய்வதென்று அவரையே கேளுங்கள். படகை மறுபடி கடலில் இறக்கி அந்தச் சண்டையைத் திரும்ப ஆடாதீர்கள், அதன் பின் நடந்தவற்றில் மற்ற நால்வரின் உழைப்பும் இருக்கிறது. அவருடைய பாத்திரம் அந்தக் காயத்தாலேயே சில நாள் கழித்து இறந்ததாக அவர் முடிவு செய்யலாம். வலது கை இனி வாள் பிடிக்காது என்று ஏற்கலாம். யாரோ ஒருவன் காப்பாற்றினான், அவனுக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்று சொல்லி உங்களுக்கே புதிய கதை ஒன்றைத் தரவும் கூடும். எதைச் சொன்னாலும் அவர் சொன்னபடியே விடுங்கள்.

அதன் பிறகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடுவில் உருட்டுங்கள். ஒவ்வோர் உருட்டலுக்கும் முன்னால், தோற்றால் என்ன போகும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லையென்றால் பகடையைக் கீழே வைத்துவிட்டு, 'சரி, திறந்துவிட்டது' என்று கதையை நகர்த்துங்கள். அட்டைத் தடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். கோட்டையின் வரைபடத்தை மறைக்க அது வேண்டும். மொட்டை மாடியில் காற்றும் அதிகமாயிற்றே.