காயில் ஃபோர்க்கை மாற்றி ஏர் ஃபோர்க் போடலாமா?

கேள்வி: 29 அங்குல மவுண்டன் பைக்கில் 100 மி.மீ. அமுங்கும் காயில் ஃபோர்க் (சுருள்வில் உள்ள முன் சஸ்பென்ஷன்) இருக்கிறது. 130 மி.மீ. ஏர் ஃபோர்க் (வில்லுக்குப் பதில் காற்று) போடலாமா?

130 வேண்டாம். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டாலே ஹெட் ஆங்கிள் (ஃபிரேம் முன்குழாயின் கோணம்) ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும். ஹெட் டியூப் (அந்த முன்குழாய்) வெல்டிங்கில் சுமை கூடும். ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதித்தால் 120 வரை போகலாம்.

வாங்கும் முன் ஹெட் டியூபின் கீழ்வாயை வெர்னியரால் அளந்துவிடுங்கள். உள்விட்டம் 34 மி.மீ. என்றால் நேரான ஸ்டீரர்தான் (ஃபோர்க்கின் மேல்தண்டு) பொருந்தும். டேப்பர் (கீழே தடித்த ஸ்டீரர்) நுழையவே நுழையாது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 44 என்றால் கீழே வெளிக்கப் ஹெட்செட் (குழாய்க்கு வெளியே அமரும் பேரிங் கிண்ணம்) போட்டு டேப்பரைப் பொருத்தலாம். 9 மி.மீ. குயிக் ரிலீஸ் ஹப்பும் 15×110 பூஸ்ட் (15 மி.மீ. அச்சு, 110 மி.மீ. அகலம்) ஃபோர்க்கில் உட்காராது. முன்சக்கரச் செலவும் சேரும்.

ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), ஸ்பேசர் (இடைவளையம்) எல்லாம் அடுக்கிப் பார்த்து, ஸ்டீரர் விளிம்பு அடுக்கின் மேல்விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே இறங்கி நிற்கும்படி குறித்த பிறகே அறுங்கள். ஷாக் பம்பால் காற்றடித்து, வழக்கமான உடுப்போடு ஏறி நின்று இறங்கினால் 120 ஃபோர்க்கில் ஓ-ரிங் (ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையம்) சுமார் 24 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும்.