நிற்கும்போது இரண்டு கோடு, ஏறும்போது ஒன்று

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீடு காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர், எலெக்ட்ரிக் சைக்கிளில்தான். சார்ஜ் காட்ட ஹேண்டில்பாரில் நான்கு கோடு இருக்கிறது. ராத்திரி திரும்பும்போது மேம்பாலம் ஏறினால் ஒரே கோடு, அதுவும் மினுக்குகிறது. வாசலில் நிறுத்தினால் இரண்டாகிவிடுகிறது. 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. வாங்கி இரண்டு வருடம். கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?
(வாசகி, காட்பாடி)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அம்மா. ரத்தினகிரி படியேறி முடித்த கையோடு நாடி பிடித்துப் பார்த்தால் யாருக்கும் படபடவென்றுதான் அடிக்கும். அதை வைத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா?

அந்த நான்கு கோட்டுக்கும் பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. அந்த நொடியில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்து, இத்தனைக்கு மேல் என்றால் மூன்று, இத்தனைக்குக் கீழ் என்றால் இரண்டு என்று எரியும். மேம்பாலத்தில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகும்போது மோட்டார் 12 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பேட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை உண்டு. பழசாக ஆக அது கூடும். உங்களுடையதில் கால் ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 ஆம்பியர் இழுக்கிற நேரத்தில் 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். கோடு காணாமல் போவது அதனால்தான். கையை விட்டால் வோல்ட் ஏறும், கோடும் திரும்பி வரும்.

அதற்காக உங்களிடம் நிறைய மிச்சம் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 36-ஐ 7.8-ஆல் பெருக்கினால் 280 வாட்-ஹவர், பேட்டரி நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் மொத்தச் சக்தி அதுதான். மிதிக்காமல் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட்-ஹவர் செலவு. பதினெட்டு கிலோமீட்டருக்கு 216. புது பேட்டரியாக இருந்தாலே கால்வாசிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். இரண்டு வருடப் பேட்டரிக்கு இன்னும் கம்மி. மேம்பாலம் உங்கள் வழியின் கடைசியில் வருகிறது. பேட்டரி களைத்திருக்கும் நேரம் பார்த்துப் பெரிய ஏற்றம்! முடிந்தால் மத்தியானம் மண்டியிலேயே ஒரு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மிதித்துக் கொடுங்கள்.

சரி, நிஜமாக எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் கோடுகளை நம்புவதை விட்டுப் பல வருடம் ஆயிற்று. மூன்று கோடு இருக்கிறதே என்று என் தோட்டப்பாளையத்துக் கடையிலிருந்து ரத்தினகிரிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பெருமுகை தாண்டுவதற்குள் மூன்று இரண்டாகி, அடுத்த சில நிமிடத்தில் விளக்கே அணைந்துவிட்டது. இருபத்தைந்து கிலோ சைக்கிளை லாரிகளுக்கு ஓரமாக மிதித்துக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் புத்தி வந்தது. லித்தியம் பேட்டரியின் வோல்ட் நடுவில் ரொம்ப நேரம் மெதுவாகத்தான் இறங்கும். கடைசியில் சரசரவென்று விழும்.

வோல்ட்டை எண்ணாகக் காட்டும் குட்டி மீட்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 100 வோல்ட் வரை தாங்குவதாகக் கேட்டு வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல் வரிசை இருக்கும், செல்லுக்கு 4.2 வீதம், சார்ஜ் நிறைந்தால் 42. ஓடும்போது பார்க்காதீர்கள். நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். 39-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 36, 37 என்றால் ஏறக்குறைய பாதி. 34-க்கு வந்துவிட்டால் வீட்டை நோக்கித் திரும்புங்கள். 30-ஐ ஒட்டி உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தானே கரண்டை வெட்டிவிடும்.

சார்ஜ் துளையில் மல்டிமீட்டர் கம்பி விட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பார்க்கலாம், ஆனால் கை நடுங்கக் கூடாது. எனக்கு ஒரு தரம் கம்பி நழுவி இரண்டு முனையும் தொட்டுவிட்டது. பட்டென்று ஒரு பொறி, கம்பியின் நுனி உருகிப் பொட்டாக நின்றது. அந்தக் கம்பியை இன்னும் கடை மேஜையில் வைத்திருக்கிறேன், வருகிற பையன்களுக்குக் காட்ட.

அப்புறம், ஒரு பழைய நோட்டு வேண்டும். நான் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டில் திட்டு விழுந்தது. மீட்டர் காட்டும் வோல்ட்டைப் புறப்படும்போது ஒன்று, பாலாற்றுப் பாலம் தாண்டி நிறுத்தி ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று. ஒரு வாரம் எழுதுங்கள். அதே வழி, அதே பாரம் என்பதால், அடுத்த வருடம் இதே எண்களோடு ஒப்பிட்டாலே பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். அப்போது வேண்டுமானால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மார்கழிக் காலையில் ஒரு கோடு குறைவாகவே காட்டுகிறது. மத்தியானம் சரியாகிவிடுகிறது. ராத்திரியில் சார்ஜ் ஒழுகுகிறதா?
(வாசகர், ஏலகிரி)

பதில்: ஒழுகவில்லை. குளிரில் பேட்டரியின் உள்தடை கூடுவதால் வண்டியை எடுத்ததும் வோல்ட் அதிகம் விழுகிறது, கோடும் குறைகிறது. ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பேட்டரிக்கு நிஜ எதிரி வெயில்தான். அக்னி நட்சத்திரத்தில் கீழே வேலூர்ப் பக்கம் வருவதானால் சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள். போய்ச் சேர்ந்ததும் சார்ஜரைச் செருகாமல், பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் அரை மணி நேரம் ஆறட்டும்.