‘நகாதோரோ-சான்’ மாங்காவில் வரும் சென்பாய் வெறும் கோழைதானா?

கேள்வி இது: “‘இஜிராநாய்தே, நகாதோரோ-சான்’ படிக்க ஆரம்பித்திருக்கிறேன். நாயகன் எதற்கெடுத்தாலும் திணறுகிறான், அழுகிறான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசிவரை இப்படித்தானா? இவனை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது?”

எனக்குப் பிடித்த மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) நாயகர்களில் இவனுக்குத்தான் முதலிடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்பாய் (‘சீனியர்’ என்று பொருள், நாயகி நகாதோரோ அவனை இப்படித்தான் அழைக்கிறாள்) மாறுகிறான். ஆனால் அந்த மாற்றத்தை அவன் பேச்சில் தேடினால் கண்ணில் படாது. பல அத்தியாயங்கள் தாண்டியும் அவனுக்கு வாய் குழறும், முகம் சிவக்கும். அவன் என்ன வரைகிறான், யாரைப் பார்த்து வரைகிறான், வரைந்ததை யாருக்குக் காட்டுகிறான் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். கதை அங்கேதான் நகர்கிறது.

முதலில் சில தகவல்கள். வரைந்து எழுதியவர் நனாஷி என்ற புனைபெயர்க்காரர். பிக்சிவ் என்ற ஓவியப் பகிர்வுத் தளத்தில் அவ்வப்போது போட்டுவந்த படங்களிலிருந்து வளர்ந்த கதை இது. 2017 நவம்பரில் கோடான்ஷா பதிப்பகத்தின் மேகசின் பாக்கெட் இணையதளத்தில் தொடராக வரத் தொடங்கி 2024 ஜூலையில் முடிந்தது. மொத்தம் 20 தொகுதிகள். அனிமே (அசைபடத் தொடர்) 2021இல் ஒரு சீசன், 2023இல் இன்னொரு சீசன். சென்பாய்க்குக் குரல் கொடுத்தவர் யமாஷிதா டைகி. ‘மை ஹீரோ அகாடமியா’ அனிமேயில் நாயகன் டெக்குவுக்குப் பேசுபவரும் அவர்தான். தொண்டை அடைத்துக்கொண்டு வார்த்தை வராமல் நிற்கும் பையன்களுக்கு அவரைவிடப் பொருத்தமான குரல் கிடைப்பது கஷ்டம்.

சரி, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் தொடக்கத்துக்கே வருவோம். பையன் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, நகாதோரோ முதலாம் ஆண்டு. அவன் ரகசியமாக வரைந்துவைத்திருந்த மாங்காப் பக்கங்கள் பையிலிருந்து நழுவி, கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையில் சிக்கிவிடுகின்றன. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நகாதோரோ மட்டும் போகவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, இவன் ஏன் இப்படிச் செய்கிறான், இது என்ன அசைவு என்று துருவித் துருவிக் கேட்கிறாள். அவன் அழுதுவிடுகிறான்.

இந்த அழுகையை வைத்துத்தான் பலர் இவனுக்குக் கோழைப் பட்டம் கட்டுகிறார்கள். வரைகிற பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தை வேறுவிதமாகத்தான் படிப்பார்கள். யாரோ திட்டினால் ஒரு மாதிரி வலிக்கும். நீங்கள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த படத்தை உங்கள் கண்முன்னே ஒருவர் கோடு கோடாகப் பார்ப்பது வேறு மாதிரி வலி. சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா என் நோட்டை எடுத்து நீட்டுவார்: “பாருங்க, இவனே வரைஞ்சது.” அவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். ஆனாலும் நோட்டு கை மாறும் ஒவ்வொரு நொடியும் எனக்கு அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். பாராட்டுக்கே அப்படி என்றால், ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து கிண்டலடித்தால் பதினாறு பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பக்கங்களை உண்மையிலேயே ஊன்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவனுக்கு வலித்ததும் அதனால்தான், பின்னாளில் அவனைக் கரையேற்றியதும் அதுவேதான்.

அடுத்து வருவது ஓவிய அறை. பள்ளி முடிந்ததும் நடக்கும் மன்றங்கள் ஜப்பானியப் பள்ளி வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்று மாங்கா படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இவனுடைய ஓவிய மன்றத்திலோ நடமாட்டமே இல்லை. தினமும் தனியாகப் போய், அசையாத பொருட்களை எதிரே வைத்து வரைகிறான். மேஜைமேல் இருக்கும் பொருள் உங்களைத் திரும்பிப் பார்க்காது, படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்காது. மனிதர்களிடமிருந்து தப்பித்து வந்தவனுக்கு அசைவற்ற பொருள்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறைக்குள் நகாதோரோ வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னை வரை என்கிறாள்.

நனாஷியின் புத்திசாலித்தனம் இந்த ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது என்பேன். ஆளைப் பார்த்து வரைவதென்றால் என்ன? பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும், தாளைப் பார்க்க வேண்டும், மறுபடி முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியாத பையனுக்கு, பார்த்தே தீர வேண்டிய வேலை கிடைத்துவிடுகிறது. முதலில் அவனால் முடிவதில்லை. பார்வை தாளுக்கும் தரைக்கும் ஓடுகிறது. அவள் விடாமல் சீண்டுகிறாள். அப்புறம் மெல்ல மெல்ல வேலையில் ஆழ்ந்து, கூச்சத்தை மறந்து அவளையே பார்க்கத் தொடங்குகிறான். அப்போது சிவப்பது அவள் முகம்.

இது கதையில் பலமுறை வருகிறது, எனக்கு ஒருமுறைகூடச் சலித்ததில்லை. அவன் தடுமாறும்வரை நகாதோரோவின் வாய் ஓயாது. அவன் ஓவியனாக மாறி உண்மையாகப் பார்க்கத் தொடங்கியதும் அவளிடம் பதில் இருக்காது. நனாஷியின் கோடும் அதற்கேற்ப மாறும். சீண்டும்போது கோரைப்பல் தெரிய, கண் இடுங்கி, கார்ட்டூன் போல இழுத்து வரையப்பட்டிருக்கும் முகம், இந்த இடங்களில் அமைதியாகிவிடும். சென்பாயின் கண் வழியாக நாமும் அவளைப் பார்க்கிறோம்.

ஆகவே இருவருமே கூச்சக்காரர்கள்தான். ஒருவன் அதை மௌனத்தில் மறைக்கிறான், மற்றவள் சத்தத்தில். அவளுக்குக் காதல் அனுபவம் எதுவும் கிடையாது என்பதைத் தோழிகள் கமோ, யோஷி, சகுரா வழியாக ஆசிரியர் போகிற போக்கில் கசியவிடுகிறார். கமோதான் இருவரையும் முதலில் புரிந்துகொண்டவள் என்பது என் கருத்து.

ஓவிய மன்றத் தலைவி வரும் பகுதி எனக்கு மிகவும் முக்கியம். அவள் உண்மையான திறமைசாலி. மன்ற அறையை விளையாட்டு இடமாக்கிவிட்டார்கள் என்று கண்டித்து, பள்ளிக் கலைவிழாவில் ஓவியப் போட்டிக்குச் சவால் விடுகிறாள். மன்றம் இருக்குமா இருக்காதா என்பதே அந்தப் போட்டியில் தொங்குகிறது. சென்பாய் அங்கே மாட்டிவைப்பது நகாதோரோவின் படங்கள். யார் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கு அது அவ்வளவு முக்கியமாகவும் படவில்லை. முதல் அத்தியாயத்தில் பையிலிருந்து தவறி விழுந்த தாள்களுக்காக அழுதவன், இங்கே தன் கையாலேயே படங்களைச் சுவரில் மாட்டி ஊர் பார்க்க விடுகிறான். யாரை வரைந்தான் என்பதும் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. காதலை வாயால் சொல்ல இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த பிறகு சொல்ல என்ன மிச்சம்?

இப்போது உங்கள் தயக்கத்துக்கு நேராக வருகிறேன். தொடக்க அத்தியாயங்கள் கொடூரமானவை, ஒப்புக்கொள்கிறேன். நகாதோரோ வரம்பு மீறுகிறாள், தோழிகள் இன்னும் மோசம். பள்ளியில் கேலிக்கு ஆளாகி நொந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்க முடியாமல் மூடிவைத்தால் அதில் தவறே இல்லை, அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. பிக்சிவ் காலத்துப் படங்கள் இதைவிடக் கடுமையாக இருந்தன. தொடரானபோது ஆசிரியர் நிறையவே மென்மையாக்கினார், போகப்போக இன்னும். ஒரு குறிப்பு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது: வேறு யாராவது சென்பாயை மட்டம் தட்டினால் நகாதோரோவுக்குப் பொறுக்காது. அதோடு, அவன் பதிலுக்குக் கோபப்பட வேண்டும் என்பதைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். அவன் முதன்முதலில் பதிலுக்கு வாயாடும் இடங்களில் அவள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பாருங்கள்.

இதே காலத்தில் வந்த ‘தகாகி-சான்’ கதையிலும் பெண் சீண்டுவாள், பையன் தோற்பான். அதுவும் அழகான கதைதான். ஆனால் அங்கே அந்தப் பையன் நிஷிகதாவுக்கு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிரக் கைத்தொழில் என்று ஒன்று கிடையாது. சென்பாய்க்கு ஓவியம் இருக்கிறது. அதனால் காதல் நின்றுவிட்டது போலத் தோன்றும் அத்தியாயத்திலும் அவன் ஒரு படி ஏறியிருப்பான்.

பிற்பகுதியில் இது இன்னும் கூர்மையாகிறது. அவன் ஓவியக் கல்லூரிக்குப் போக முடிவெடுத்துப் பயிற்சி வகுப்புகளுக்குப் போகிறான். ஜப்பானில் ஓவியக் கல்லூரி நுழைவுத்தேர்வு லேசானதல்ல. மணிக்கணக்கில் உட்கார்ந்து பிளாஸ்டர் தலைச்சிலையைக் கரித்துண்டால் வரைந்து பழகுவார்கள், கரியைத் துடைக்க ரொட்டித் துண்டைப் பயன்படுத்துவார்கள். அந்த உலகத்தை முழுதாகப் பார்க்க ஆசையிருந்தால் ‘ப்ளூ பீரியட்’ படிக்கலாம், 2020இல் மாங்கா தைஷோ விருது வாங்கிய தொடர். இங்கே அந்த வகுப்புகள் சுருக்கமாகத்தான் வருகின்றன. ஆனாலும் தன்னைவிட நன்றாக வரைகிறவர்கள் நடுவே உட்கார்வது எப்படியிருக்கும் என்பதை நனாஷி தவறவிடவில்லை. பள்ளியில் தனி ஆளாக இருந்தவரை அவன் யாரோடும் தன்னை ஒப்பிட வேண்டியிருக்கவில்லை அல்லவா?

நகாதோரோவுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. சின்ன வயதில் ஜூடோ கற்றவள். கூடப் பயின்ற ஒருத்தியின் திறமைக்கு முன்னால் தோற்று, ஜூடோவை விட்டே விலகியவள். சென்பாய் கேலியையும் தோல்வியையும் வாங்கிக்கொண்டு மறுநாளும் தூரிகை எடுப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறாள். கடைசியில் அவளும் திரும்பப் போகிறாள். யார் யாருக்குத் தைரியம் கொடுத்தார்கள் என்று கேட்டால், பாதிக் கதைவரை ஒரு பதில் சொல்வோம், அதற்குப் பிறகு வேறு பதில் சொல்வோம். கோழை என்று நீங்கள் சொல்லும் பையனைப் பார்த்துத்தான் அந்தத் துடுக்குப் பெண் மறுபடி களத்தில் இறங்குகிறாள்.

ஆக, என் யோசனை: தொடக்கத் தொகுதிகளை ஒரே மூச்சில் படிக்காதீர்கள், சீண்டல் சேர்ந்து சேர்ந்து திகட்டிவிடும். இரண்டு மூன்று அத்தியாயமாகப் படியுங்கள். தாளில் பிடிக்கவில்லையென்றால் 2021 அனிமேயைப் பாருங்கள், உஎசகா சுமிரேயின் குரலில் நகாதோரோவின் கேலிக்குள் இருக்கும் பாசம் சீக்கிரமே காதில் விழுந்துவிடும். முதல் சீசனின் கடைசி அத்தியாயங்களில் அந்தக் கலைவிழா வருகிறது. அதைப் பார்த்த பிறகும் சென்பாயை உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். பிடித்துவிட்டால் மாங்காவை மறுபடி முதலிலிருந்து எடுங்கள், அழும் காட்சியே வேறு மாதிரி தெரியும்.