தினமும் ஆபீஸ், வார இறுதியில் மலை: எந்த பைக் வாங்கலாம்?
சென்னையில் தினமும் 30 கிலோமீட்டர் ஆபீஸ் பயணம், வார இறுதியில் ஏலகிரி, கொல்லிமலை. இதற்கு டோமினார் 400 நல்லதா, ஜிக்சர் எஸ்எஃப் 250 நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜிக்சர் பக்கம்தான்.

வாரத்தில் ஐந்து நாள் நெரிசலில்தானே ஓட்டப் போகிறீர்கள்? டோமினார் 193 கிலோ, ஜிக்சர் 161. சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது அந்த 32 கிலோவை மணிக்கட்டும் இடுப்பும் நன்றாகவே உணரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எடை குறைந்த வண்டியைத் திருப்புவது சுலபம்.

ஆனால் பின்னால் ஒருவர், கூடவே இரண்டு பை, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டம் என்றால் டோமினாரின் 373 சிசி எஞ்சின் திணறாது. அப்போது அதுதான் சரி.

டெஸ்ட் ரைடை மாலை ஆறு மணி நெரிசலில் கேளுங்கள். அப்புறம், நல்ல ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்.